நாலு பேர் தூக்கிப் போக வழி

எர்ணாவூரில் எங்கள் வீடு பின்மனை. மெயின் ரோட்டுக்கு வர முன்மனையின் ஓரமாக ஒரு சந்து உண்டு. என் அப்பா, எங்களுக்கு நைனா, ஹார்பரில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் இடம் வாங்கியபோதே அந்தப் பாதை பத்திரத்தில் ஏறிவிட்டது. அகலம் எவ்வளவு என்றுதான் எழுதவில்லை. மாட்டுவண்டி வந்து போன சந்தை அன்றைக்கு யார் அளந்தார்கள்?

போன வருஷம் டேங்கர் லாரி ஓட்டுகிற முதலாளி ஒருவர் முன்மனையை வாங்கினார். வாங்கிய கையோடு சந்தில் பாதியை வளைத்துப்போட்டு காம்பவுண்டுச் சுவர் எழுப்பத் தொடங்கினார். மிஞ்சியது ஒற்றை ஆள் நடக்கிற இடம். தண்ணீர்க் குடத்தோடு எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பின்னாலேயே போக வேண்டும். கேட்டதற்கு, "நடக்க வழின்னுதான பத்திரத்துல கீது? நடந்துகினுதான கீறீங்க, அப்புறம் இன்னா?" என்றார். ஸ்டேஷனில், சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். சர்வேயர் வருவார் என்றார்கள், வரவில்லை. சுவர் மட்டும் வளர்ந்தது. நான் கடப்பாரையைத் தூக்கினேன். நைனா பிடுங்கி வைத்துவிட்டார்.

அவர் கவலையே வேறு. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் பிணம் ஏற்றும் பூ வண்டி மெயின் ரோட்டில்தான் நிற்கும். வாசலிலிருந்து அதுவரை நாலு பேர் தோளில் போக வேண்டும், முன்னால் இருவர், பின்னால் இருவர். சுவருக்கு மேலே கைமாற்றிக் கொடுப்பதெல்லாம் அனாதைப் பிணத்துக்கு. அம்மாவை இதே சந்தில் மேளத்தோடு கொண்டுபோனார்கள். எங்கள் சனத்தில் பெண் தோள் கொடுப்பதில்லை என்பதால் நான் வாசலோடு நின்றேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. மேஸ்திரி சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். நைனா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசலில் கிடந்த பெஞ்சில் மல்லாந்து படுத்தார்.

"தூக்குங்க."

தம்பிகள் இருவர், என் வீட்டுக்காரர் ஒருவர். நாலாவது தோளுக்கு ஆளில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் போய் நின்றேன்.

சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டோம். பெஞ்சு நுழைந்தது, நாங்கள் நுழையவில்லை. என் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. நைனா கண்ணைத் திறக்காமலே, "எறக்காதீங்க. அவரு வந்து பாக்கட்டும்" என்றார்.

முதலாளி பெண்டாட்டியோடு ஓடி வந்தார். "வெள்ளிக்கெய்ம அதுவுமா எங்க வாசல்ல இன்னா கருமம் இது?" என்று அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்து, "பொம்பள தோள் குடுக்கறது முறையா?" என்றார்.

"உசுரோட கீறவருக்கு இன்னாண்ணா முறை?" என்றேன். "நாளைக்கு இவரு பூட்டா எப்டி எடுத்துகினு போறது, நீங்களே சொல்லுங்க. நிக்க வெச்சு இஸ்துகினு போவட்டா?"

அவர் மேஸ்திரி பக்கம் திரும்பி, வேலையைப் பார் என்று கையைக் காட்டினார். மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். "பொணம் போற வழிய மறிச்சு நான் கல்லு வெக்கமாட்டேன், மொதலாளி. எனக்கும் புள்ளகுட்டி கீது."

விஷயம் மணலி வரைக்கும் பரவியது. அந்த இடத்தில் சுவர் கட்ட ஒருத்தரும் வரவில்லை. முதலாளி மனம் மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆள் கிடைக்காமல்தான் சுவரைப் பழைய எல்லைக்குத் தள்ளினார். அகலத்தையும் எழுதி வாங்கிவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை, வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்து பெஞ்சை இறக்கியதும் நைனா எழுந்து உட்கார்ந்து சட்டையை மாட்டிக்கொண்டார். தம்பிகள் இருவரும் கேட்கும்படிதான் என்னிடம் சொன்னார்.

"நான் பூட்டா மின்னால தோள் குடுக்கறது நீதான்."

சொந்தக்காரர்கள் பேசுவார்கள். பேசட்டும்.