ஏழு எழுத்தும் நாலு நைட்டியும்

என் தங்கை சுடலைமாடத்தி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதில் ஒரு நாளில் அவள் ஒட்டிய தீப்பெட்டிகளைக் கணக்குப்பிள்ளை நம்பாமல் இரண்டாம் தடவை எண்ணினார். முதல் தடவையைவிட நாலு கூடுதலாக வந்தது. இருபத்திரண்டு வயதில் தையல் மிஷின் ஊசி அவள் விரலில் ஏறி முறிந்தது. நாலாம் நாள் அதே மிஷினில் போய் உட்கார்ந்தாள். நைட்டி தைக்காத தெருவே இல்லாத தளவாய்புரத்தில், அத்தனை பேருக்கு நடுவே தனியாக எட்டு மிஷின் போட்டாள். ஒரு போர்டு வைக்காமல், ஒரு எழுத்து தெரியாமல், செல்போனில் பேசியே நூற்று எண்பத்தேழு வாடிக்கையாளர்களைப் பிடித்தாள். 2022-ல் ஆளும் கிடைக்காமல் சாமானும் கிடைக்காமல் தொழில் நொண்டியடித்த மாதங்களில், அவர்களில் நூற்று எண்பத்தாறு பேரைக் காத்திருக்க வைத்தாள். மிச்சம் ஒருவர் நாகர்கோவில் தங்கபாய் அம்மா. அவர் ஆர்டரை ரத்து செய்தார். முப்பதாம் நாள் திரும்பி வந்து இரண்டு நைட்டி சேர்த்துக் கேட்டார். ஆகவே அதையும் ஜெயித்ததில்தான் சேர்க்கிறேன்.

நான் அவளுக்கு அண்ணன், பெயர் குருசாமி, மூன்று வயது மூத்தவன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கோன் பேக்கிங்கில் வேலை. ஒரு பெட்டியில் வேறு நம்பர் நூல் ஒரு கோன் கலந்துவிட்டாலும் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தை நம்பித்தான் தங்கை பார்சல்களுக்கு விலாசம் எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்திருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுவேன். எந்தப் பார்சல் என்றைக்குப் போனது, என்றைக்குச் சேர்ந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். கீழே வரும் தேதிகள் எல்லாம் அந்த நோட்டில் இருப்பவை.

ஜூலை பதினாலாம் தேதி பாண்டிசெல்வி என்கிற பெண் ஓசூரிலிருந்து வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். வயிற்றில் முதல் பிள்ளை. செப்டம்பர் ஒன்பதாம் தேதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். பால் கொடுக்கத் தோதாக முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நாலு வேண்டும், மஞ்சள் பூப்போட்ட துணியில் வேண்டும்.

"பிள்ளை வாரதுக்கு முந்தி நைட்டி வந்துரும்த்தா. இது இந்த மாடத்தி வாக்கு" என்று தங்கை பதில் பேசி அனுப்பினாள்.

வாக்கு கொடுத்த மறுநாளே ஜிப் தீர்ந்தது. வடக்கேயிருந்து வரவேண்டிய ஜிப் கட்டு எங்கே கிடக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. நூல் விலை ஏறி, தறிகள் பாதி நின்று, துணியும் இழுபறி. எட்டுத் தையல்காரப் பெண்களில் இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். கொரோனாவால் இரண்டு வருஷம் ஓடாத தேர். அதைப் பார்க்கப் போன மூன்று பேர், அப்படியே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார்கள். தேரே நிலைக்கு வந்துவிட்டது, இவர்கள் வரவில்லை.

எங்கள் ஊரில் தொழில் செய்கிற எல்லாரிடமும் இதற்கு ஒரு மருந்து உண்டு. "நாளைக்கு அனுப்பிருதோம்." தங்கையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி வரை.

அவளுக்கு வாட்ஸப்பில் பேர் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிப்பாள். பாண்டிசெல்வியின் படம் ஒரு மஞ்சள் செவ்வந்தி. நூற்று எண்பத்தேழு வாடிக்கையாளர்களும் இருக்கிற குரூப்பின் படம் ஒரு மஞ்சள் பூ நைட்டி. சின்ன வட்டத்துக்குள் இரண்டும் மஞ்சளாகத்தான் தெரிந்தன. அன்று காலை அவள் குரூப்பில் தட்டிவிட்டுப் பேசினாள்:

"ஏத்தா பாண்டிசெல்வி, ஒன்ட்ட மட்டும் சொல்லுதேன், வெளிய சொல்லிராத. நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுதது பூராம் பொய்யி. ஜிப்பு ஒண்ணுகூட இல்ல. தேர் பாக்கப் போன சிறுக்கிய இன்னும் வரல. இருக்கது மூணே பேரு. மத்தவகளை எப்படியும் சமாளிச்சிருவேன். நீ ஒம்பிள்ளைட்ட சொல்லி செத்த நேரம் உள்ளயே இருக்கச் சொல்லு."

பேச்சு நூற்று எண்பத்தேழு பேருக்கும் போய்விட்டது. பிறகு போன் தந்தி அடிக்கிற மாதிரி அடிக்க ஆரம்பித்தது. தங்கை ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கக் கேட்கத் துணிக்கட்டுமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தேனியிலிருந்து ஒரு டீச்சர்: "மாடத்தி, எனக்குத் தீபாவளிக்குக் கொடுத்தா போதும். முதல்ல அந்தப் பொண்ணுக்குத் தைச்சுடு."

தங்கபாய் அம்மா: "எட்டி, மூணு வாரமா எனக்கு நாளைக்குன்னு சொன்னது இதுக்குத்தானா? சமாளிச்சிருவியோ என்னை? எனக்கு வேண்டாம் ஒன் நைட்டி, கேன்சல்! ஆனா புள்ளத்தாச்சிக்குத் தைச்சுக் குடுத்திரு."

பாண்டிசெல்வி: "அக்கா, பிள்ளைட்ட சொல்லிட்டேன். ஒரு உதை விட்டுச்சு. சரிங்குதா இல்லையான்னு தெரியல."

தென்காசியிலிருந்து ஒருவர்: "எங்கிட்ட ஒரு பழைய கைப்பை இருக்கு. ஜிப் நல்லாத்தான் இருக்கு. பிரிச்சு அனுப்பவா?"

இந்தக் கடைசிப் பேச்சுதான் தீயைப் பற்றவைத்தது. நானும் அனுப்புகிறேன், நானும் அனுப்புகிறேன் என்று கிளம்பிவிட்டார்கள். ஆகஸ்ட் எட்டாம் தேதியிலிருந்து ஜிப்புகள் தபாலில் வர ஆரம்பித்தன. மொத்தம் பதினாலு கவர், முப்பத்தொரு ஜிப். கைப்பை ஜிப், தலையணை உறை ஜிப், கணவரின் பேண்டிலிருந்து பிரித்த ஜிப் ஒன்று. அதற்குள் ஒரு துண்டுத்தாளில் "அவருக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தது. பார்சல் அனுப்புகிற வீட்டுக்கு ஊரெல்லாம் பார்சல் அனுப்பியது! எங்கள் தபால்காரர் வைகுண்டராஜ், "என்ன தங்கச்சி, கடையைத் திருப்பிப் போட்டுட்டியா?" என்று கேட்டார்.

இங்கேதான் கையெழுத்து விஷயம் வருகிறது. எங்கள் வீட்டில் இரண்டு பேரையும் பள்ளிக்கூடம் அனுப்ப முடியவில்லை. நான் போனேன், அவள் தீப்பெட்டி ஒட்டப் போனாள். நாற்பத்தொரு வயது வரை எல்லாவற்றுக்கும் கைநாட்டுத்தான். ஆனால் ஸ்பீடு போஸ்ட் வாங்க இப்போது தபால்காரரின் போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். தங்கை கட்டைவிரலை அமுக்கிப் பார்த்தாள். கோழி எச்சம் மாதிரி ஒரு பொட்டு விழுந்தது.

"சும்மா ரெண்டு கிறுக்குக் கிறுக்கு தங்கச்சி. எல்லாரும் அப்படித்தான் போடுதாக."

"கிறுக்குனா அது யாரு பேரு அண்ணாச்சி? வந்தது எனக்கு. எம்பேருலதான் வாங்குவேன்."

அதுவரை அவள் சார்பில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். நான் மில்லில் இருந்தால் வைகுண்டராஜ் சாயங்காலம் மறுபடியும் வருவார். இரண்டாம் வாரத்தில் அவள் தையல் சாக்கட்டியை என்னிடம் நீட்டி, "எழுதிக் காட்டுண்ணே" என்றாள். துணி வெட்டும் மேஜையில் பெரிதாக எழுதினேன். அவள் அதை எழுத்தாகப் பார்க்கவில்லை, வெட்டுத்துணியாகப் பார்த்தாள். "ட-ங்கிறது பையோட மூலை. லை-க்கு முன்னால ரெண்டு வளையம், கொக்கி மாட்டுத மாதிரி. மா-வுக்குப் பக்கத்துல நாடா தொங்குது. த்-துக்கு மேல பட்டன். இம்புட்டுத்தானா?" என்றாள்.

கை வந்துவிட்டது. ஆனால் திரை நாலு விரல் அகலம், பேர் ஏழு எழுத்து. சுடலை என்று எழுதி முடிப்பதற்குள் திரை தீர்ந்துவிடும்.

"சுடலை போதும் தங்கச்சி" என்பார் வைகுண்டராஜ்.

"அது ஆம்பளை பேரு. என்னைய மீசை வைக்கச் சொல்லுதீகளா?"

இப்படி ஒவ்வொரு கவருக்கும் முயற்சி செய்வாள், கடைசியில் நானே போடுவேன்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி மஞ்சள் நைட்டி நாலும் தயார். மூன்றுக்கு மஞ்சள் ஜிப், ஒன்றுக்கு அந்தப் பேண்டின் கறுப்பு ஜிப். அந்தப் பூத்துணியில் கடைசி மீட்டரும் அதோடு முடிந்தது. நான் ஸ்கேல் வைத்து, பின்கோடுக்குக் கட்டம் போட்டு, ஓசூர் விலாசத்தைப் பிழையில்லாமல் எழுதி அனுப்பினேன். ஒரு புள்ளி தப்பில்லை.

இருபத்திரண்டாம் தேதி தபால் விவரம் பார்த்தேன். "கதவு பூட்டியிருந்தது" என்று வந்தது. இருபத்து மூன்றிலும் அதுவே. இருபத்து நாலாம் தேதி பாண்டிசெல்வி பேசி அனுப்பினாள். பின்னால் மயில் அகவுகிற சத்தம்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வளைகாப்பு முடிஞ்சு அன்னைக்கே அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். வத்திராயிருப்புலதான் இருக்கேன். அவுகளும் பத்து நாள் லீவுல கூடவே வந்துட்டாக. நைட்டி இன்னும் வரலியே?"

தங்கை கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே, மொதப் பிள்ளைக்கு எவளாவது மாமியா ஊர்ல இருப்பாளா?"

ஆடி முடிந்தால் வளைகாப்பு, வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டில். ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு, நான் கட்டம் போட்டு எழுதிய விலாசம் நைட்டியைக் கர்நாடக எல்லை வரை அனுப்பியிருக்கிறது. தையல்காரப் பெண் முனீஸ்வரி சிரித்த சிரிப்பில் அவள் மிஷினில் நூல் அறுந்தது. "அண்ணாச்சி விலாசத்துல தப்பே இல்ல, ஆளுதான் இல்ல!" என்றாள். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஓசூர் தபால் நிலையத்துக்குப் போன் போட்டேன். ஆள் நேரில் வந்து வாங்காவிட்டால் ஏழு நாளில் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம் என்று பொறுமையாகச் சொன்னார்கள்.

"விடுண்ணே" என்றாள் தங்கை. "நூத்தி எம்பது பேரைக் காத்திருங்கன்னு சொன்னோம்லா. இப்ப நம்ம முறை."

ஆகஸ்ட் மூன்றாம் தேதிக்குப் பிறகு "நாளைக்கு" என்கிற சொல் எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தது. தினமும் ஏழு மணிக்கு நடந்ததை நடந்தபடி குரூப்பில் சொல்வாள். இதையும் சொன்னாள், என் பேரோடு சேர்த்து. அதன்பிறகு நூற்று எண்பத்தேழு வீடுகளில் ஒரே பேச்சு: பிள்ளை முந்துமா, நைட்டி முந்துமா. ரத்து செய்த தங்கபாய் அம்மாகூடக் குரூப்பை விட்டுப் போகவே இல்லை. "பார்சல் சேலம் தாண்டிச்சாட்டி?" என்று காலையில் முதல் ஆளாகக் கேட்பார்.

செப்டம்பர் இரண்டு, காலை பத்தரை. பாண்டிசெல்வியின் அம்மா போன் செய்தார். ஒரு வாரம் முந்தியே வலி வந்துவிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "வலியிலயும் ஒங்க நைட்டியத்தான் கேக்கா. அது வந்தாத்தான் பிள்ளையத் தூக்குவேங்கா" என்றார்.

பதினொன்று பத்துக்கு வைகுண்டராஜ் சைக்கிள் மணி கேட்டது. கையில் ஓசூர் போய்த் திரும்பிய பார்சல். என் ஸ்கேல் கோடுகள் அப்படியே இருந்தன.

நான் மில்லில் இருந்தேன். அடுத்து நடந்ததை வைகுண்டராஜையும் முனீஸ்வரியையும் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப் பார்த்து எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போக ராஜபாளையம் பஸ் பதினொன்று இருபதுக்கு. அதை விட்டால் அடுத்தது ஒரு மணிக்கு. வைகுண்டராஜ் போனை நீட்டினார்.

"தங்கச்சி, இன்னைக்கு மட்டும் கிறுக்கிரு. பஸ்ஸு திரும்புத சத்தம் கேக்கு."

"கிறுக்க மாட்டேன்."

"அப்ப நானே போட்டுக்கிடட்டா?"

"நீங்களா பிள்ளை பெறப் போறீக? இருங்க."

முனீஸ்வரி வாசலுக்கு ஓடி, "டிரைவரண்ணே, ஒரு கையெழுத்து! ஒரே ஒரு கையெழுத்து!" என்று பஸ்ஸைக் கைகாட்டி மறித்தாள்.

தங்கை திரையையே பார்த்தாள். நீளவாக்கில் போதாத துணியை வெட்டுகிறவள் என்ன செய்வாளோ அதையே செய்தாள்.

"அண்ணாச்சி, போனைப் படுக்கப் போடுங்க."

வைகுண்டராஜ் போனைக் குறுக்காகத் திருப்பினார். பையின் மூலை, கொக்கி வளையம், தொங்குகிற நாடா, பட்டன் எல்லாம் வரிசையாக விழுந்தன. ஏழு எழுத்தும் உட்கார்ந்த பிறகும் ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது. பார்சலைப் பிடுங்கிக்கொண்டு அவள் ஓடினாள். ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது.

ராஜபாளையத்தில் பஸ் மாறி, பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒற்றைச் செருப்போடு ஆஸ்பத்திரிக்குள் போனாள். பிள்ளை ஒன்று இருபத்திரண்டுக்குப் பிறந்தது. பெண். முப்பத்திரண்டு நிமிஷத்தில் நைட்டி ஜெயித்தது. பாண்டிசெல்வி முதலில் போட்டது கறுப்பு ஜிப் வைத்ததை. அந்தப் பேண்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. குரூப்பில் தங்கபாய் அம்மா பேசினார்: "எட்டி, என் ஆர்டரைத் திரும்ப எழுது. ரெண்டு சேத்து எழுது. காத்திருக்கேன்."

சாயங்காலம் வைகுண்டராஜைத் தபால் நிலையத்தில் பிடித்து, அந்தக் கையெழுத்தைக் காட்டச் சொன்னேன். போனைக் குறுக்கே திருப்பிக் காட்டினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன், இல்லை. நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன்:

சுடலைமாடத்தி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள், 2022 செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை.