அண்ணன் கட்டிய கூட்டல் இயந்திரம்

பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் இருக்கும் என் அலுவலகத்தில், பக்கத்து மேசைக்காரர் முறுக்குத் தின்ற கையோடு என் கீபோர்டில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் பாகான் டாலாமில் இருந்த பெரியப்பா வீடு நினைவுக்கு வந்தது.

அங்கிருந்த கணினி பெரியப்பா மகன் பிரகாஷ் அண்ணனுடையது. கீபோர்டு இடுக்கில் தீனித் துகள், மௌஸில் பிசுக்கு, நாற்காலியில் வியர்வை நாற்றம். கட்டைகளை அடுக்கி விளையாடும் ஒரு கேமுக்காக அத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து, சுவிட்சுக் கட்டைகளையும் விளக்குக் கட்டைகளையும் இணைத்து, எண்களைக் கூட்டும் இயந்திரம் ஒன்றை அந்த கேமுக்குள் கட்டினேன்.

தீபாவளிக்கு வந்தவர்களிடம் அண்ணன் அதைக் காட்டினான். "நான் செஞ்சது லா."

தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த பெரியப்பா திரையை உற்றுப் பார்த்தார். "ஒன்னும் ஒன்னும் கூட்டுனா அடுத்த விளக்கு எப்படிடா எரியுது?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். பலகாரத் தட்டோடு நின்ற நான் சொன்னேன்: "ரெண்டு சுவிட்சும் போட்டாதான் அந்த வழி திறக்கும் பெரியப்பா."

பெரியப்பா சிரித்தார். "அண்ணன் சொல்லிக் கொடுத்தத அப்படியே மனப்பாடம் பண்ணிருக்கா பாரு."

அண்ணன் கூசாமல் தலையாட்டினான்.

போன மாதம் எனக்கு இந்தக் கணினி வேலை உறுதியானதும் குடும்ப வாட்ஸாப் குழுவில் அவன் எழுதினான்: "சின்ன வயசுல நான் கொடுத்த டிரெய்னிங் லா." அதற்குக் கீழே பெரியப்பா கைதட்டல் படம் போட்டிருந்தார்.

நான் குழுவை விட்டு வெளியேறினேன்.