பக்கப் பெட்டியில் வந்த தண்ணீர்

இங்கே எழுதுபவற்றுள் சில நான் கண்ணால் கண்டவை. ஏனையவை உரியவரிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டவை. காதில் விழுந்த மற்றவற்றை விலக்கிவிட்டேன். மெய்யான செய்தி ஒன்று தனக்குரிய நாளைவிட்டுப் பிரிந்து நின்றபோது என்ன நேர்ந்தது என்று பார்த்தவன் நான். அதன்பின் உறுதியில்லாத எதையும் எழுத எனக்குத் துணிவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் தஞ்சை மாவட்டப் பாபநாசத்தில் இருந்தபடி ஒரு வலைப்பூ எழுதி வருகிறேன். கல்வெட்டுகள், பழைய உரைநடை, வாய்க்கால்களின் பெயர்கள் ஆகியவை அதன் பொருள். நான் எழுதுவேன், மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகள் அதன் இயந்திரப் பகுதியைக் கவனித்துக்கொள்வாள். சென்ற ஆண்டு அவள் ஒரு குறை சொன்னாள்.

“வர்றவங்க ஒரு கட்டுரையோட ஓடிப்போயிடறாங்கப்பா. உங்க தமிழுக்குப் பயந்துதான்னு நெனைக்கிறேன். பக்கத்துல ரெண்டு பெட்டி வெப்போம். கொஞ்ச நேரம் நிப்பாங்க.”

பெட்டியை இயக்கும் சிறு மென்பொருளை அவள் பிளகின் என்றாள், நான் செருகுநிரல் என்று திருத்தினேன். பேரை நீங்க வெச்சுக்குங்க, பெட்டியை நான் வைக்கிறேன் என்று சிரித்தாள். அண்மையில் வந்த பின்னூட்டங்களுக்கு ஒரு பெட்டி. ‘இந்த வாரம் அதிகம் படிக்கப்பட்டவை’ என்று மற்றொன்று. தலைப்புகளுக்கு அருகே தேதியும் இடவா என்று கேட்டாள். எண்கள் வரிகளின் அழகைக் குலைக்கும், தலைப்பு மட்டும் போதும் என்றேன்.

பெட்டிகள் தம் வேலையைச் செய்தன. வந்தவர்கள் நின்றார்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனார்கள். சம்பா நடவுக் காலம் நெருங்கியபோது வருகை எண்ணிக்கை நாள்தோறும் ஏறியது. என் உரைநடை தனக்குரிய வாசகரைக் கண்டுகொண்டது என்று மகிழ்ந்தேன். எந்தக் கட்டுரையை நாடி வருகிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலை தொலைபேசி ஒலித்தது. பேசியவர் நன்னிலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் ஓர் அம்மையார். வாய்க்கால் பெயர்களைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் பின்னூட்டம் இடுபவர். அதுவரை குரலைக் கேட்டதில்லை.

“அய்யா, தண்ணி எப்பங்க வரும்?”

எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

“நீங்கதானே எழுதியிருக்கீங்க, நாளைக்குக் காலையில கடைமடைக்கு முறை விடறாங்கன்னு. நேத்து அதப் படிச்சதுமே நாத்தெல்லாம் பறிச்சுட்டேன். நடவு ஆளுங்க வந்து வரப்புல உக்காந்திருக்காங்க. வாய்க்கால்ல ஈரங்கூட இல்லீங்களே.”

அப்படி எதுவும் எழுதவில்லை என்றேன். அவர் கைபேசியைப் பார்த்துப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. முறைவைத்துத் தண்ணீர் விட்ட பழைய ஆண்டு ஒன்றில், மதகு திறக்கும் லஸ்கரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, ஊருக்குப் பயன்படட்டும் என்று எழுதிய பதிவு அது. அதில் பொய் ஒன்றுமில்லை. தேதி பதிவின் அடியில், என் பெயருக்குக் கீழே, வெளிர் எழுத்தில் இருந்தது. அதுவரை இறங்கிப் படிக்கும் பொறுமை, தண்ணீருக்குக் காத்திருப்பவருக்கு எப்படி இருக்கும்?

கணினியைத் திறந்தேன். ‘அதிகம் படிக்கப்பட்டவை’ பெட்டியில் அந்தத் தலைப்பே முதலிடத்தில் நின்றது. தண்ணீர் எப்போது வரும் என்று தேடியவர்களே அத்தனை நாளும் வந்திருக்கிறார்கள். அவர்கள் திறக்கத் திறக்க அது மேலே ஏறியிருக்கிறது. மேலே நின்றதால் இன்னும் பலர் திறந்திருக்கிறார்கள். கணினியில் ஓரமாக நிற்கும் பெட்டி, கைபேசியில் கட்டுரை முடிந்ததும் அதன் கீழேயே வந்து நிற்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அம்மையார் என் புதிய கட்டுரையைப் படித்து முடித்த இடத்தில், புதிய செய்திபோல் அது அவரை வரவேற்றிருக்கிறது. சரிபார்க்க நானும் அதைத் திறந்தேன். அதனால் அதன் கணக்கில் ஒன்று கூடியிருக்கும்.

அது பழைய பதிவு என்று சொன்னேன். பக்கத்து வயல்காரர் எவரிடமும் கேட்கவில்லையா என்றேன்.

“தண்ணி வர்ற சேதிய யாராச்சும் வெளியில சொல்லுவாங்களாய்யா? சொன்னா மேல இருக்கறவங்க மணல் மூட்டையப் போட்டு வாய்க்கால அடைச்சுக்குவாங்க. யாருக்கும் தெரியாம மொதல்ல நட்டுடலாம்னு வாய மூடிக்கிட்டேன்.”

மகளுக்குச் சொல்லி அந்தப் பெட்டியை எடுக்கச் செய்துவிட்டு, கும்பகோணம் வழியாகப் பேருந்தில் நன்னிலம் போய்ச் சேர்ந்தேன். போய் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவருடைய கீழ்வயல், மேட்டு வயல் இரண்டிலும் உழுத சேறு மேலே ஆடைகட்டத் தொடங்கியிருந்தது. பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டி, குட்டையில் மிச்சமிருந்த கலங்கல் நீரில் வேர் நனைய நிறுத்தியிருந்தார்கள். நுனிகள் வெயிலில் துவண்டிருந்தன. நடவுப் பெண்களுள் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, “தண்ணி விட்டவரு இவருதானா?” என்று மற்றவளிடம் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அருகில் போர் மோட்டார் வைத்திருப்பவர் மேல்வயல்காரர் ஒருவரே. அவரிடம் தண்ணீர் கேட்பதானால், செய்தியை மறைத்ததையும் சொல்லியாக வேண்டும். அம்மையார் மோட்டார்க் கொட்டகை வரை போய், வாசலில் நின்று, எல்லாவற்றையும் சொன்னார். மேல்வயல்காரர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

“தண்ணி வருதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாம்மா நீ?”

“சொல்லலண்ணே.”

“சொல்லியிருந்தா, அது பொய்யின்னு நேத்தே நான் சொல்லியிருப்பேன்ல. லஸ்கர் முந்தாநாள் எங்க வீட்டுலதான் டீ குடிச்சுட்டுப் போனாரு.”

பொய்யில்லை, பழையது என்று திருத்த என் வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்.

“சரி, நாத்து என்ன பாவம் பண்ணுச்சு. கீழ வயலுக்கு மட்டும் விடறேன். அதுக்கு மேல என் நடவு இருக்கு.”

மோட்டார் ஓடியது. கீழ்வயலில் நீர் பரவியதும் பெண்கள் இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் அந்த ஒரு வயல் நட்டு முடிந்தது. மேட்டு வயலுக்கான நாற்று முடிகள் குட்டையிலேயே நின்றன. நான் புறப்பட்டபோது அம்மையார் கேட்டது ஒன்றுதான்: “இனிமே தேதிய மேல போடுங்கய்யா.” சினந்து கேட்டிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

இப்போது என் பதிவுகள் தேதியோடுதான் தொடங்குகின்றன. பெட்டியைத் தேதிகளுடன் திரும்ப வைக்கலாமே என்கிறாள் மகள். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கீழ்வயல் வேர்பிடித்துவிட்டது என்று பின்னர் அவரே சொன்னார். மேட்டு வயல் நாற்று குட்டையிலேயே மஞ்சளாகி அழுகியதையும் சொன்னார். அந்த வாரம் அப்பதிவைத் திறந்தவர்கள் பலர். அவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், அவர்களுள் வேறு எவரேனும் அதை நம்பி, ஒருவரிடமும் சொல்லாமல் நாற்றுப் பறித்தார்களா என்பது எனக்குத் தெரியாது.