சாலம்மா நடந்து கொண்டுவந்த சேதிகள்

என் மூத்த பேத்தி நர்சுப் படிப்பு முடித்து வேலூரில் வேலைக்குச் சேர்ந்தாள். பேரன் போலீசுத் தேர்வில் தேறினான். கடைசிப் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். அடுத்த வருடமே அவளுக்கு விவசாயக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். இதையெல்லாம் யாரைக் கண்டாலும் நிறுத்தி வைத்துச் சொல்லுவேன் என்று உங்களுக்குத் தெரியும். சந்தையில் என் தலையைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிப் போகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். ஆனால் இந்தச் சேதிகள் என் வீட்டுக்கு எப்படி வந்தன என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நான்கு சேதியோடும் சாலம்மாதான் மேட்டிலிருந்து இறங்கி நடந்து வந்தாள்.

அவள் செத்துப்போன சேதி அப்படி வரவில்லை. ஐப்பசியில் ஒரு காலை நேரம். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். துடுப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தேன். நம்முடைய விழாக் குழு வாட்ஸப்பில் "மேட்டு வீட்டு சாலம்மா நேற்று மாலை காலமானார்" என்று போட்டிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து அவள் பேரை மேலே தள்ளிக்கொண்டு போய்விட்டன. கீழே அடுத்த சேதி, தை மாத விழாவுக்குப் பந்தல் யார் போடுவது என்று. சாமை அறுத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாளாம். அப்படியே சாய்ந்துவிட்டாளாம். இதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

இப்போது வளர்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்லுகிறேன். எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. சுற்றி இருக்கிற ஊர்களும் அப்படித்தான். போன் வாங்கினாலும் டவர் எடுக்காது. சாலம்மாவின் வீடு மட்டும் மேட்டில் இருந்தது. அவள் வாசலில் பலா மரத்தடியில் நின்றால் பேசலாம். அதனால் ரேஷன் கடையிலிருந்து காலேஜ் வரைக்கும் யார் நம்பர் கேட்டாலும் நாங்கள் எல்லாரும் அவள் நம்பரைத்தான் எழுதிக் கொடுப்போம். போன் வந்தால் அவள் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு இறங்கி வருவாள். மழை என்றால் தலையில் கோணி போட்டுக்கொண்டு வருவாள். யாரும் அவளை அந்த வேலைக்கு வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

என் மருமகளுக்கு வலி எடுத்த மத்தியானம் சாலம்மா ஆம்புலன்சுக்குப் போன் போட்டு வழி சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பக்கம் பேசினவர் தெருப் பேரும் கதவு எண்ணும் கேட்டிருக்கிறார். "தெருவே இல்லீங்க, நம்பரு எங்கேருந்து வரும்? நீங்க வாங்க. ரோட்டு மேல செவப்புச் சேலை கட்டிக்கினு ஒருத்தி நிப்பா, அவதான் வாசப்படின்னு நெனச்சிக்கோங்க" என்றாள். சொன்னபடி ஓடிப் போய் ரோட்டில் நின்றாள். அன்றைக்குப் பிறந்தவள்தான் இப்போது விவசாயக் கல்லூரியில் படிக்கிறவள்.

நல்ல சேதி என்றால் வளைவு திரும்பும்போதே அவள் குரல் வந்துவிடும். "அக்கோவ், வெல்லம் எடுத்து வையி" என்பாள். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டுதான் விஷயத்தைச் சொல்லுவாள். பெரியவள் வேலைக்குச் சேர்ந்ததைச் சொன்னபோது, "உன் பேத்தி நர்சம்மா ஆயிட்டா. எனக்கு ஊசி போட்டா மட்டும் மெதுவா போடச் சொல்லு" என்றாள். பேரன் தேர்வில் தேறியதைச் சொன்னபோது, "இனிமே உன் வூட்டுப் புளியங்கா ஒண்ணு பறிச்சாலும் என்னைப் புடிச்சிக்கினு போயிடுவான்" என்று சிரித்தாள்.

கெட்ட சேதிக்கு அவள் குரல் கொடுக்கமாட்டாள். என் வீட்டுக்காரர் வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் சத்தமில்லாமல் வந்தாள். நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் எடுக்க ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் கேட்கவில்லை. கூடை பாதி ஆன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ரொம்ப நாள் கழித்து அதைப் பற்றிக் கேட்டேன். "நல்ல சேதிய நின்னுக்கினே சொல்லலாங்க்கா. கெட்டதை உக்காந்துதான் சொல்லணும். சொல்லிட்டு உடனே எழுந்து போகவும் கூடாது" என்றாள்.

பிறகு டவர் வந்தது.

அந்த வருடம் தை மாத விழாவை உங்களில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். வருடா வருடம் நடப்பதுதான். அந்தந்த வருடம் முடிந்த ரோடு, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம் எல்லாவற்றையும் மேடையில் சொல்லுவார்கள். ஊருக்கு உழைத்தவர்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். அந்தத் தடவை டவருக்காக மனு எழுதிக்கொண்டு அலைந்த பையன்களுக்குப் போர்த்தினார்கள். அவர்களில் என் பேரனும் ஒருவன். மகளிர் குழுத் தலைவி என்று எனக்கும் போர்த்தினார்கள். சாலம்மா பேரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மனதில் வைத்துக்கொண்டு மறைத்தேன் என்றால்கூட ஒரு கணக்கில் சேரும். எனக்குத் தோன்றவே இல்லை. தொண்டு என்றால் சங்கம், பேனர், ஒரே மாதிரி பனியன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தோளில் பொன்னாடையோடு மைக்கைப் பிடித்தேன். பேரனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டேன். பெருமை தலைக்கு ஏறியிருந்தது. "இனிமே போன் வந்துச்சா, போன் வந்துச்சான்னு யாரு வூட்டு வாசல்லயும் போயி நிக்க வேணாம். சேதி சொல்ல ஆளு வருமான்னு வழியப் பாத்துக்கினு இருக்க வேணாம். அந்தக் காலம் முடிஞ்சி போச்சு" என்றேன். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். சாலம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எவரோ பின்னாலிருந்து, "சாலம்மா, உன் வேலை போச்சு" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. அவள் திரும்பிப் பார்த்து, "போனா போவுது. கால் வலி மிச்சம்" என்று சொல்லிவிட்டு எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நல்லாத்தான் பேசினக்கா. மைக்குதான் பாவம், வுட்டா போதும்னு இருந்துச்சு" என்றாள். நானும் சிரித்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உறைக்காததுக்கு அத்தாட்சி அடுத்த ஆனி மாதம் நடந்தது. கடைசிப் பேத்தி கல்லூரிக்கு மனுப் போட்டபோது பழக்கத்தில் சாலம்மாவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். கல்லூரியிலிருந்து அவளுக்குப் போன் வந்திருக்கிறது. வளைவில் அவள் குரல் கேட்டது. "அக்கோவ், வெல்லம் எடுத்து வையி." அவள் வாசலுக்கு வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"காலேஜ் விஷயந்தானே? தெரியும் சாலம்மா. புள்ள நேத்தே கம்ப்யூட்டர்ல பாத்துட்டுப் போன்ல சொல்லிட்டா. இதுக்கா இவ்ளோ தூரம் வந்த? ஒரு போன் போட்டிருக்கலாமே."

அவள் வாசலிலேயே நின்றாள். "அப்பிடியா. தெரிஞ்சிடுச்சா. நல்லதாப் போச்சு" என்றாள். நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "போய்ட்டு வர்றேங்க்கா" என்று திரும்பி நடந்தாள். வெல்லம் கேட்டு வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியவில்லை. தெரிந்த சேதியைத் தெரியாத மாதிரி ஒரு தடவை கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அதற்குப் பிறகு அவள் எங்கள் ஊருக்கு இறங்கி வரவில்லை. நானும் மேடு ஏறவில்லை. உங்களில் எத்தனை பேர் ஏறினீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று காலையில் வாட்ஸப்பைப் பார்த்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தபோது அவள் மகன் போன் செய்தான். "பெரிம்மா, நெல்லிவாசல்நாட்டுல முனியம்மா சித்திக்கு இன்னும் தகவல் போவல. அங்க டவர் எடுக்காது. யாரையாச்சும் அனுப்ப முடியுமா?" முனியம்மா சாலம்மாவின் ஒரே தங்கை. நானே போகிறேன் என்றேன். அந்தப் பக்கம் போகிற ஜீப் விடியும்போதே போய்விட்டது என்றார்கள். காட்டு வழியாக நடந்தேன். முழங்கால் வலி எனக்குப் புதிதில்லை, ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு ஏற்றத்திலும் உட்கார்ந்து எழுந்துதான் போனேன். இந்த மாதிரி எத்தனை நாள் அவள் எங்களுக்காக நடந்தாள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

முனியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். துவைத்த சேலை கட்டியிருந்தாள். மாட்டை அவிழ்த்துப் பக்கத்து வீட்டில் கட்டியிருந்தாள். அதையெல்லாம் என் கண் பார்த்தது, மனது வாங்கவில்லை. "வாக்கா, இன்னா இந்த நேரத்துல? உக்காரு" என்று தண்ணீர் கொடுத்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முறத்தில் கொள்ளு இருந்தது. அவளோடு சேர்ந்து கல் பொறுக்கினேன். அவசரப்படவில்லை. பிறகு கையைப் பிடித்து, "முனியம்மா, அக்கா போயிட்டா" என்றேன். சாமைக் கொல்லையில் நடந்ததைச் சொன்னேன். அவள் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டாள். பிறகு என் மடியில் தலையை வைத்து அழுதாள். நானும் அழுதேன். எழுந்திருக்கவில்லை.

ஜீப் திரும்பி வந்து அவள் வாசலில் நின்றது. ஓட்டுகிற குமார் இறங்கி வந்து என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டான். "நீங்க நடந்தா வந்தீங்க பெரிம்மா? காலையில போறப்பவே நான் இவங்ககிட்ட சொல்லிட்டேனே. திரும்பி வர்றப்ப ஏத்திக்கிறேன், ரெடியா இருங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

நான் முனியம்மாவைப் பார்த்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"தெரியும்னு ஏண்டி சொல்லல?"

அவள் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மாந்தூரம் நடந்து வந்திருக்கிற. நீ சொல்லட்டும்னு இருந்தேன்."



வருகிற தை மாதம் சாலம்மாவுக்கு மரியாதை செய்யப்போகிறோம், அவள் சார்பாக நீங்கள் மேடை ஏறிப் பொன்னாடை வாங்கிக்கொள்ளுங்கள் என்று குழுவில் என்னைக் கேட்டார்கள். முடியாது என்றேன். முனியம்மா வாங்குவாள். எனக்கு மைக்கை மட்டும் கொஞ்ச நேரம் கொடுங்கள். டவர் வந்த வருடம் நான் பேசினதை, அதே இடத்தில் நின்று, உங்கள் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாலம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இனிமேல் என் வாசலுக்கு யார் எந்தச் சேதியோடு வந்தாலும், அது போனில் முன்னாடியே வந்திருந்தாலும், முழுதாகக் கேட்பேன். நல்லது என்றால் வெல்லம் கொடுப்பேன். கெட்டது என்றால் வந்தவர் எழுந்து போகிற வரைக்கும் நானும் எழமாட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன். விழா பேனரில் போடுவதற்கு அவள் படம் என்று எல்லாரும் ஒரே படத்தைத்தான் அனுப்புகிறீர்கள். அது டவர் வந்த வருடம் விழாவில் எடுத்தது. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறாள். எந்தப் பேச்சுக்குத் தட்டினாள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள். உங்களில் யாராவது போனில் அவளை வேறு மாதிரி எடுத்திருப்பீர்கள். பலா மரத்தடியிலோ, சந்தையிலோ, வழியில் நடந்து வரும்போதோ, முகம் சரியாக விழாவிட்டாலும் பரவாயில்லை. தேடிப் பார்த்து அந்தப் படத்தைக் குழுவில் போடுங்கள்.