மாடி வூட்டு மிக்சி

பேய், காத்து, கருப்பு எதையும் நம்புற ஆளு நான் இல்ல நைனா, அத மொதல்ல சொல்லிட்றேன். நீ சிரிப்பேன்னும் தெரியும். சிரிச்சிக்கோ, எனக்கின்னா, நடந்தத நான் சொல்றேன்.

ரெண்டாயிரம் வாக்குல நாங்க திருவொத்தியூர்ல இருந்தோம். கீழ ரெண்டு போர்ஷன், ஒண்ணுல நானும் எங்க வூட்டுக்காரரும், ஒண்ணுல மேரி. மாடியில ஸ்டெல்லா அக்கா, தனி ஆளு. அதுக்கிட்ட ஒரு பழைய மிக்சி இருந்துச்சு, அத போட்டா போதும், எங்க டீவி பூரா வெள்ளை வெள்ளையா கோடு ஓடும், கர்ருன்னு சத்தம் வேற. "அக்கா, நாடகம் ஓடிக்கினு கீது!"ன்னு நான் கீழருந்து கத்துவேன். "நீ நாடகம் பாக்க நான் பட்டினி கெடக்கணுமாடி?"ன்னு அது மேலருந்து கத்தும். தெனம் இதே பேஜாருதான்.

ஒரு மழைக்காலத்துல அக்கா நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போச்சு, திரும்பி வரல. மாதவரத்துலருந்து அதோட பொண்ணு வந்து எல்லாம் முடிச்சிட்டு, மாடிய பூட்டி, மாடிக்கு கரண்டே போவாத மாதிரி மீட்டர்ல பீஸையும் புடுங்கி வெச்சிட்டுப் போச்சு.

அப்பாலிக்கா ஒரு வாரம் போயிருக்கும், மத்தியான நாடகம் பாத்துக்கினு கீறேன், அதே கோடு. அதே கர்ரு.

டீவிதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். டியூப்லைட்ட அணைச்சேன், பேன அணைச்சேன், ஆன்டெனா ஒயர ஆட்டிப் பாத்தேன், கோடு போவல. மேரி வூட்டுக்குப் போனா அவ டீவிலயும் அதேதான், அவ பிரிட்ஜு, மிக்சி எல்லாத்தையும் பிளக்க புடுங்க வெச்சேன், ஊஹூம். மறுநாளும் அதே மாதிரி வந்துச்சு. மேரி அழுவ ஆரம்பிச்சிட்டா, வேற வூடு பாக்கலாம்ன்றா, எங்க வூட்டுக்காரரும் அவ கூட சேந்துக்கினாரு. நான் முடியாதுன்ட்டேன். நான் குடியிருக்கிற வூடு, நான் இன்னாத்துக்குப் போவணும்?

ஓனரம்மாகிட்ட சாவி வாங்கினேன். மேரிய டீவி முன்னாடி குந்த வெச்சிட்டு, பட்டப்பகல்ல, கோடு ஓடிக்கினு இருக்கறப்பவே மாடி ஏறிட்டேன்.

மிக்சி சமையக்கட்டு மேடையில கீது. ஒயரு சுத்தி வெச்சது வெச்ச மாதிரியே கீது, பிளக்கு எதுலயும் சொருவல. மூச்சு வுட்டா கேக்கும், அவ்ளோ அமைதி. கீழருந்து மேரி, "ஓடுதுடி, இன்னும் ஓடுது!"ன்றா. நான் மிக்சி மேல கைய வெச்சேன். நம்பினா நம்பு, நம்பாட்டி போ, சுட்டுச்சு. அப்பத்தான் அரைச்சு நிறுத்தின மாதிரி சூடு.

பயம் வரல நைனா, கோவம்தான் வந்துச்சு. "தோ பாருக்கா, நீ அரைச்சுக்கோ, நான் வேணாம்னு சொல்லல. ஆனா நான் வூட்ட காலி பண்ணுவேன்னு மட்டும் நெனக்காத"ன்னு சத்தமா சொன்னேன். சொல்லி வாய மூடல, "நின்னுட்ச்சிடி!"ன்னு மேரி கத்துறா.

அதோட சரி, கோடு வரவே இல்ல.

அப்புறம் மாடிய காலி பண்ண வந்த அக்கா பொண்ணு அந்த மிக்சிய தூக்கிப் போடப் போச்சு. எனக்குக் குடுன்னு வாங்கிக்கினேன். மேரி என்ன திட்டாத திட்டு இல்ல. டோல்கேட்டாண்ட ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கினு போயி, இத போட்டா டீவில கோடு வருது, சரிபண்ணிக் குடுன்னேன். கடைக்காரரு தொறந்து பாத்துட்டு என்னையே பாத்தாரு.

"இன்னாமா இது? கார்பன் கட்டை ரெண்டும் இருந்தாத்தான் மோட்டாரு சுத்தும், அது தேஞ்சாத்தான் பொறி தட்டி டீவில கோடு வரும். இதுல கட்டையே இல்ல. புதுசு மாட்டலாம்னு யாரோ கழட்டிட்டு மாட்டாமலே வுட்டிருக்காங்க. பிளக்க சொருவினாலும் இது ஓடாதே."

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி கழட்டினதாத்தான் இருக்கும், அப்பாலிக்கா மாடி பூட்டியே இருந்துச்சே. புதுசா மாட்டிக் குடுன்னு சொல்லி வாங்கிக்கினு வந்தேன். இன்னிக்கும் அதுலதான் அரைக்கிறேன், பயந்தா அரைப்பேனா? ஆனா அரைச்சு முடிச்சப்புறம் அது மேல மட்டும் கைய வெக்கறதில்ல. ஓடவே முடியாத மோட்டாரு அன்னிக்கு எப்படி சுட்டுச்சு, நீ சொல்லு?