இறக்கத்தில் கேட்ட சத்தம்

ஜெகதீஸ்வரன் வீட்டில் வெளியாள் கை வைத்த சாமான் ஒன்றுகூடக் கிடையாது. கிணற்று மோட்டார் மக்கர் பண்ணினால் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவரே இறங்குவார். மிக்ஸி, வாஷிங் மெஷின், கரண்ட் பெட்டி எல்லாமே அவர் பிரித்து மாட்டியவைதான். தலைமுடியைக்கூடக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தானே வெட்டிக்கொள்வார். பிடரியில் மட்டும் ஏறுக்குமாறாக இருக்கும்.

"குடல் வால் வீங்கினாலும் நீங்களே கீறி எடுத்துப் போட்டுக்குவீங்க போலிருக்குதுங்க" என்பாள் மனைவி மைதிலி. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் பிரியும் மண் தடத்தில் அவருடைய தோட்டம் இருந்தது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி வெள்ளாமை, நாலு எருமை, தகர ஷெட்டில் ஒரு லாரி. அந்த லாரிதான் குடும்பத்தை ஓட்டியது. வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் விட்டுவிட்டு வந்தார். திரும்பி எடுத்தபோது, அவர் வாங்கிக் கொடுத்த புது பேரிங்குகளுக்குப் பதில் யாருடைய வண்டியிலோ கழற்றிய பழசு உள்ளே கிடந்தது. அன்றோடு பட்டறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். ஊர் முழுக்க லாரிப் பட்டறைகள் இருக்கிற சங்ககிரியில், பட்டறை வாசலை மிதிக்காத ஒரே லாரிக்காரர் அவர்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் இடுப்பு வலி வந்து நெடுந்தூரம் உட்கார முடியாமல் போனதும், வண்டியை ஓட்ட மதன் என்பவனைச் சேர்த்துக்கொண்டார். எடப்பாடிக்காரன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வாய் பேசாமல் ஓட்டுவான். ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று ஜெகதீஸ்வரன் முதல் நாளே சொல்லியிருந்தார். அதை ஒருநாளும் மீறியதில்லை.

போன ஆனியில் மதன்தான் முதலில் அந்தச் சத்தத்தைச் சொன்னான்.

"பின்னால ஒரு ஊளைச் சத்தம் கேக்குதுங்கண்ணா. லோடு இல்லாதப்பத்தான் நல்லாக் கேக்குது."

ஜெகதீஸ்வரன் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். ஆமாம், கேட்டது. தூரத்தில் யாரோ வாயை மூடிக்கொண்டு அழுகிற மாதிரி, வேகம் கூடக் கூட உயர்ந்துகொண்டே போகிற சத்தம். கிரவுன். பின் அச்சின் நடுவில் பானை மாதிரித் தொங்குகிறதே, அதற்குள் ஒரு பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்ற வைக்கிற பினியன் என்கிற சின்னப் பல்சக்கரமும் இருக்கின்றன. என்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போவது அந்த வழியாகத்தான். அங்கேதான் ஏதோ தேய்ந்துகொண்டிருந்தது.

சங்ககிரியில் கிரவுன் வேலை மட்டுமே செய்கிற பெரியசாமி என்று ஒருவர் இருந்தார். டீக்கடையில் ஜெகதீஸ்வரனைப் பார்த்தபோது அவரே கேட்டார்.

"தம்பி, வண்டி ஊளையிடுதாமே? கொண்டாந்து உடுங்க, பாத்துரலாம்."

"எதுக்குங்கண்ணா உங்களுக்குச் சிரமம்? நானே பிரிச்சுப் போட்டுக்கறேன்."

"மத்த வேலையாட்டம் இல்லீங்க தம்பி, இது."

"போல்ட்டு நட்டுதானுங்கண்ணா எல்லாமே."

பெரியசாமி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் வேலையை ஆரம்பித்தார்கள். வண்டியின் பிரேக் டாங்கில் காற்று இறங்கியிருந்ததால் பின்சக்கரப் பிரேக் இறுகிக்கொண்டு நின்றது. அதை ஷெட்டுக்குள் தள்ளுவதற்காக ஜெகதீஸ்வரன் பிரேக்கின் போல்ட்டை முறுக்கி விடுவித்து வைத்தார். பிறகு கியரைப் போட்டுவிட்டு அடியில் புகுந்தார். கிரவுன் எண்ணெயை வடித்து, மேலே பார்த்தபடி கைகளை நீட்டிப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். பக்கவாட்டில் நின்று மதன், கிரவுனைச் சக்கரத்தோடு இணைக்கிற ஆக்சில் கம்பிகளில் ஒன்றை உருவினான்.

கம்பி வெளியே வந்ததும் வண்டி நகர்ந்தது.

சத்தமே இல்லை. அத்தனை பெரிய உருப்படி தூக்கத்தில் புரண்டு படுப்பது போல மெதுவாக நகர்ந்தது. ஜெகதீஸ்வரன் தலைக்கு மேலிருந்த இரும்பு கால்பக்கம் போவதைப் பார்த்தார். அது ஏன் போகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. மதன் காலுக்குப் பக்கத்தில் கிடந்த கருங்கல்லை உதைத்து டயருக்கு அடியில் தள்ளினான். டயர் கல்லில் ஏறப் பார்த்து, மனம் மாறினாற்போல நின்றது. அவருடைய வலது முழங்கைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. பிரேக்கை விடுவித்தது அவர்தான். ஆக்சில் கம்பியை உருவினால் கியர் பிடிக்காது என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்து நினைக்க மறந்துவிட்டார்.

வெளியே வந்து உட்கார்ந்து சிரித்தார். "கெவுனம் தப்பிப் போச்சு, மதா."

மதன் சிரிக்கவில்லை. நாலு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டுத்தான் பேசினான். "இதப் பெரியசாமியண்ணன் கிட்டக் கொடுத்தர்லாமுங்களாண்ணா?"

"கழட்டியாச்சு, இனி என்னடா?"

உள்ளே பினியனின் பல் முனைகள் எலி கடித்த மாதிரி உதிர்ந்திருந்தன. புது ஜோடி வாங்கி வந்தார். மாட்டுவதொன்றும் பெரிய காரியமில்லை, இரண்டு பல்சக்கரமும் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன என்பதுதான் காரியம். பல்லில் சிவப்பு மையைத் தடவிச் சுற்றிப் பார்த்தால் தொட்ட இடம் தெரியும். பல்லின் நடு வயிற்றில் தொட வேண்டும். அவருக்கு ஓரத்தில் தொட்டது. இடைவெளிக்காக வைக்கிற மெல்லிய தகட்டைக் கூட்டினார், மறு ஓரத்துக்குப் போனது. குறைத்தார், பழைய ஓரத்துக்கே வந்தது. பகலெல்லாம் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் போயிற்று. வேண்டிய கனத்தில் தகடு கையில் இல்லை. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையிலிருந்து லோடு ஏற்ற எப்போது வருவீர்கள் என்று கேட்டு போன் வந்தபடியே இருந்தது.

கடைசியாகச் சுற்றிப் பார்த்தபோது பல்லின் ஓரத்தில் பிறை நிலா மாதிரி ஒரு சிவப்புக் கீற்று தெரிந்தது.

மதன் குனிந்து பார்த்தான். "ஓரமாத்தானுங்கண்ணா ஒட்டியிருக்குது?"

"ஓடுனாப் படிஞ்சுரும்" என்றார் ஜெகதீஸ்வரன். சொல்லிவிட்டு அந்தக் கீற்றை மறுபடி பார்க்கவில்லை. மூடியை முடுக்கினார்.

மேட்டூர் ரோட்டில் கொஞ்சதூரம் ஓட்டிப் பார்த்தார்கள். ஊளை போயே போய்விட்டது. வண்டி சந்தடி இல்லாமல் ஓடியது. ஜெகதீஸ்வரன் டீக்கடைக்குப் போய், பெரியசாமி காதில் விழும்படி நாலு பேரிடம் சொன்னார். மதன் ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் புறப்பட்டான்.

இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது மதனின் போன் வந்தது.

"திரும்பற வழியில கிருஷ்ணகிரில கிரானைட் பலகை லோடு ஏத்தியாச்சுங்கண்ணா. காவேரிப்பட்டணம் தாண்டி டீக்கு நிறுத்தியிருக்கறேன். ஒரு சத்தம் வருதுங்க."

"பழைய சத்தமா?"

"இல்லீங்க, இது வேற. இழுக்கறப்ப ஒண்ணுமில்ல. ஆக்சிலேட்டர்ல இருந்து காலெடுத்தா, இறக்கத்துல மட்டும், கறகறன்னு கேக்குது."

ஜெகதீஸ்வரன் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அந்தச் சிவப்புப் பிறை கண்ணுக்கு முன்னால் வந்தது.

"புதுப் பல்லு அப்படித்தான் கத்தும். ஒண்ணுமில்ல. வா."

"செரிங்கண்ணா" என்று மதன் வைத்துவிட்டான்.

மைதிலி மோர் ஊற்ற வந்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொம்போடு நின்றாள். "என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது?"

அவர் கையைக் கழுவிவிட்டு மதனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். ஓட்டிக்கொண்டிருக்கிறான், எடுக்க மாட்டான். பைக்கை எடுத்துக்கொண்டு சங்ககிரிக்குப் போனார். பெரியசாமியின் பட்டறை வாசலில் நின்றார். உள்ளே போகக் கால் தயங்கியது. பிறகு போனார்.

பெரியசாமி ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். "ஏத்தத்துல கத்துதா, இறக்கத்துலயா?"

"இறக்கத்துலீங்கண்ணா."

"மை எங்க ஒட்டுச்சு?"

"ஓரத்துல."

பெரியசாமியின் கை நின்றது. "வண்டி எங்கீங்க இருக்குது?"

"தருமபுரிக்கு வந்திருக்கும். கிரானைட் லோடு."

"தொப்பூர் இறங்கோணுமல்ல?"

அதற்கு மேல் பெரியசாமி எதுவும் விளக்கவில்லை. விளக்கவும் வேண்டியதில்லை. பல் உதிர்ந்துவிட்டால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துபோகும். முதல் கியரில் போட்டாலும் வண்டியைப் பிடித்து நிறுத்த என்ஜின் இருக்காது. அத்தனை கல்லையும் தொப்பூர் மலை இறக்கத்தில் கால் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். அது எத்தனை வளைவுக்குத் தாங்கும் என்பது அந்த ரோட்டோரத்தில் நொறுங்கிக் கிடக்கிற வண்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெரியசாமியின் ஆம்னி வேனில் இருவரும் கிளம்பினார்கள். சேலத்தைச் சுற்றிக்கொண்டு ஓமலூர் தாண்டும்வரை ஜெகதீஸ்வரன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மலை ஏற ஆரம்பித்ததும் போனை மடியில் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் இறங்கி வருகிற வண்டிகளைப் பார்க்கத் தொடங்கினார். கன்டெய்னர், சிமெண்டு வண்டி, தக்காளி ஏற்றிய டெம்போ. பிரேக் கருகிய வாடை வேனுக்குள் வந்தது. ஒரு வளைவில் தடுப்புச் சுவர் உடைந்து, கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பழைய உடைப்புதான். ஆனாலும் எட்டிப் பார்த்தார். இன்னொரு இடத்தில் ரோட்டின் குறுக்கே கறுப்பாக இரண்டு டயர்க் கோடுகள் போய், விளிம்பில் முடிந்திருந்தன.

"நம்முளுது சிவப்பு முகப்புதான?" என்றார் பெரியசாமி.

"ஆமாங்கண்ணா."

ஒவ்வொரு சிவப்பு முகப்புக்கும் உயிர் போய் வந்தது.

மேலே ஏறி முடித்து, சுங்கச்சாவடி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், எதிர்ச்சாரி ஓரமாக வண்டி நின்றது. முன்சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தது. மதன் நிழலில் குந்தியிருந்தான். பெரியசாமி வேனைத் திருப்பிக்கொண்டு போய் நிறுத்தினார்.

ஜெகதீஸ்வரனுக்கு வந்த நிம்மதி கோபமாகத்தான் வெளியே வந்தது. "போனை எடுக்க மாட்டியாடா?"

"ஓட்டிக்கிட்டு இருந்தனுங்க. நிறுத்துனதும் அடியில பூந்துட்டேன்." மதன் எழுந்து உள்ளங்கையை விரித்தான். கிரவுன் எண்ணெய். அதில் வெயில் பட்டு மினுமினுத்தது. நகக்கண் அளவில் இரும்புச் செதில்கள். "தக்கையத் தொறந்து பாத்தேன். நான் இறக்க மாட்டனுங்க."

பெரியசாமி அந்தக் கையைப் பார்த்தார். "வேற வண்டி வரச்சொல்லிப் பலகைய மாத்தீட்டு, இதக் கட்டி இழுத்துட்டுப் போயிரலாம்" என்று போனைத் தேடினார்.

ஜெகதீஸ்வரன் தன் வண்டியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். அவருக்குள் எதுவோ முறுக்கிக்கொண்டது. தான் மாட்டியதை இன்னொருத்தர் முன்னால் இன்னொரு வண்டி கட்டி இழுத்துப்போவதா?

"நவுரு. நானே இறக்கறேன். முதல் கியர்ல உருட்டிக்கிட்டே போயிருவேன்."

"வேண்டாமுங்கண்ணா" என்றான் மதன்.

அவர் கல்லைக் காலால் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார். மதன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். அவர் ஹாரனை அழுத்தினார். அவன் நகரவில்லை. பெரியசாமி அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டார். "உடப்பா. அந்தாளு கேக்கமாட்டான்."

ஜெகதீஸ்வரன் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். வண்டி முன்னால் சாய்ந்தது. ஓரடி நகர்ந்திருக்கும்.

அடியிலிருந்து ஓங்கி அறைந்தாற்போல ஒரு சத்தம். பாறைக்கு வெடி வைத்த மாதிரி. இருக்கை துள்ளியது. என்ஜினின் உறுமல் ஏறிக்கொண்டே போயிற்று, ஆனால் வண்டி இழுக்கவில்லை. கியர் போட்டபடியேதான் இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார், வெறுமனே கத்தியது. சமதரையில் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, காற்றில் மிதிக்கிற காலை அவர் உணர்ந்தார். கண்ணாடிக்கு வெளியே ரோடு கொஞ்சதூரம் நேராகப் போய், மலை விளிம்பில் சட்டென்று காணாமல் போயிருந்தது. முதுகுக்குப் பின்னால் பலகைகள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டு அடங்கின.

பிரேக்கைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். பெரியசாமிதான் வந்து கதவைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் வேறு லாரி வந்து கல்லை மாற்றிக்கொண்டு போனது. மறுநாள் கிரேன் வண்டி ஜெகதீஸ்வரனின் லாரியைப் பின்பக்கம் தூக்கிக் கட்டி, சங்ககிரிப் பட்டறை வாசலில் இறக்கியது. பெரியசாமி அதைச் சரிசெய்த நாள்களில் ஜெகதீஸ்வரன் தினமும் வந்து ஒரு டயர்மேல் உட்கார்ந்து பார்த்தார். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கக்கூட எழவில்லை. மையைத் தடவிச் சுற்றியபோது பெரியசாமி அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பு நடுவில் விழுந்திருந்தது. அவர் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

வண்டி தயாரானதும் மதனைக் கூப்பிட எடப்பாடிக்குப் போனார். மதன் தொப்பூரிலிருந்து பஸ் ஏறிப் போனவன், அப்புறம் வரவில்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் சேரப்போகிறான், ஆந்திராப் பக்கம் போகிறான் என்று கேள்விப்பட்டிருந்தார். அவன் மனைவி தனப்பிரியா நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். இடுப்பில் இருந்த குழந்தை அவரையே பார்த்தது.

"வண்டி ரெடியாயிருச்சு மதா. பெரியசாமியண்ணன்தான் செஞ்சாரு."

"சந்தோஷமுங்கண்ணா."

"வர்றியா?"

மதன் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டான். "ஒண்ணு கேக்கலாமுங்களா? அன்னைக்குப் போன்ல ஒண்ணுமில்ல, வான்னு சொன்னீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தனப்பிரியா வாசற்படியில் நின்றுவிட்டாள். இல்லை என்று சொல்லிவிட அவருக்கு வாய் வந்தது. ஒரு சொல்தான். சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான், ஒருவேளை வந்தும் இருப்பான்.

"தெரியும்" என்றார் ஜெகதீஸ்வரன்.

மதன் தலையை ஆட்டிக்கொண்டான். தனப்பிரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாரேன் என்று சொல்லி எழுந்தார். ரோட்டுக்கு வந்து பைக்கை உதைத்தபோதும் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்க அவரால் முடியவில்லை.