கடைசியாய் வருகிறவனுக்கு வேலை இல்லை

என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ் லேசில் யாரையும் நம்ப மாட்டார். கடைக்காரன் சும்மா ஒரு காலண்டர் கொடுத்தால்கூட முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "இதுக்கு என்னா கேக்கப்போறானோ?" என்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோலாரில் இவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடியதும் பெங்களூருக்கு வந்து விவேக் நகரில் குடியேறினோம். முதலில் ஒரு குடோனில் மூட்டை தூக்கினார். ஒருநாள் அங்கே, "உங்க உடம்பு நல்லதுக்குத்தான்" என்று டாக்டரைக் கூட்டிவந்தார்கள். மூச்சு வாங்கியவர்களை எல்லாம் அடுத்த வாரமே கணக்கு முடித்து அனுப்பினார்கள். இவரும் அதில் ஒருவர்.

அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டீ, காபி கொடுக்கும் வேலை கிடைத்தது. அதே வேலையில் கூட இருந்தவர் மர்பி டவுன் முனியப்பன். இவரைவிடப் பத்து வயது சின்னவர், கைக்குழந்தைக்காரர்.

அந்தக் கம்பெனியில்தான் ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்கில் எல்லோரும் ஓட வேண்டும், ஆம்புலன்ஸ்கூட வரும் என்றார்கள். ஒவ்வொருத்தரிடமும் ரத்தம் என்ன குரூப் என்றும் கேட்டார்களாம்.

"ஓடறதுக்கு எதுக்கு ரத்தம்?" என்றார் இவர். "டீ குடுக்க ரெண்டு பேர் தண்டம்னு நெனச்சிருக்காங்க. கடைசியா வர்றவனுக்கு வேலை இல்ல. அவ்ளோதான்."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க."

"குடோன்லயும் இதையேதான் சொன்னே."

சொன்னது வாஸ்தவம்தான்.

மறுநாள் இதை முனியப்பனிடமும் சொல்லிவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டார். "வாயை வெச்சுக்கினு சும்மா இருந்தேனா? இப்ப அவன் தெனமும் ஓடிப் பழகுவான்!"

இவர் பழகிய லட்சணம் எனக்குத் தெரியும். ரெண்டு நாள் காலையில் குழந்தை இயேசு கோயில் வரை ஓடினார். அடுத்த நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நான் தைலம் தேய்த்துவிட்டேன், பயிற்சி அதோடு முடிந்தது.

ஞாயிறன்று நானும் கூடப் போனேன். கம்பெனிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "சிரிக்கிறாங்க பாரு. அவங்களுக்கு வேலை போகாதுன்னு முன்னாடியே தெரியும்" என்று என் காதில் சொல்லிவிட்டு ஓடப் போனார்.

நான் முடிகிற இடத்தில் காத்திருந்தேன். நடுவில் நடந்தது அவர் பிறகு சொன்னதுதான். முனியப்பன் பக்கத்திலேயே ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாராம். என்ன கலந்திருக்கிறானோ என்று இவர் வாங்கவில்லையாம். மனுஷனா இவர்!

எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்று. இவர்கள் இரண்டு பேர்தான் பாக்கி. முனியப்பன் முன்னால். இவர் பின்னால், இடுப்பில் கையும் பிளந்த வாயுமாக வந்தார். மூன்றாவது தடவையும் வேலை போனால் இந்த மனுஷன் தாங்க மாட்டார்.

திடீரென்று முனியப்பன் நின்றுவிட்டார். காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இதில் என்ன சூழ்ச்சியோ என்று இவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தாண்டி வந்து முடிவுக் கோட்டைத் தொட்டார். அதற்கப்புறம் முனியப்பன் நிமிர்ந்தார். விறுவிறுவென்று ஓடிவந்தார். பிடித்துக்கொண்ட காலால் அப்படி ஓட முடியாது.

மெடல் போட வந்த ரக்ஷிதா மேடத்திடம் முனியப்பன் மெதுவாகக் கேட்டார்: "மேடம், நாளைலேர்ந்து நான் வர வேணாம்தானே?"

"ஏன் முனியப்பா?" அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, யார் சொன்னது? சும்னே, சும்மா ஜாலிக்கு ஓடினோம். அஷ்டே, அவ்வளவுதான்!"

முனியப்பன் அப்படியே புல்லில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"ஏண்டா நின்னே?" என்று இவர் கேட்டார்.

"உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை போச்சுண்ணா. எனக்கு வயசிருக்குது. எங்கயாச்சும் கெடைக்கும்."

வீட்டுக்கு வந்ததும் இவர் ஷூவைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"நான் சொன்னதை அவன் அப்படியே நம்பினான், பிரிசில்லா" என்றார் கடைசியில். "நம்பியும் நின்னான்."